தம்பியைச் சாவு வீட்டுக்கு அனுப்பாதீர்கள்

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் தாமான் மண்டபத்தில் ஒரு நினைவுக் கூட்டம் நடந்தது. சயாம் மரண ரயில் பாதை போடுவதற்காகத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களைப் பற்றிய கூட்டம். சுவரொட்டி செய்யும் வேலை என்னிடம் வந்தது. 'நீதான் எந்நேரமும் கம்ப்யூட்டர்ல இருக்கியே' என்பது மட்டும்தான் என் தகுதி. ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்தேன், பதினொன்றரைக்கெல்லாம் முடித்துவிட்டேன். மறுநாள் அச்சுக்கடையில் எடுத்த பிரதியைக் கொண்டுவந்து கூடத்து நாற்காலியில் சாய்த்து வைத்தேன்.

பாட்டி அறையிலிருந்து வந்தார். எண்பத்தைந்து வயது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். கண்ணாடி போட்டிருக்கவில்லை. தூரத்தில் நின்றபடியே கேட்டார்:

"யாரு வூட்டுப் புள்ளைக்குடா பொறந்தநாளு?"

பாட்டிக்கு நாலு வயதாக இருந்தபோது அவருடைய அப்பாவை அந்த ரயில் பாதைக்குத்தான் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை.

நான் போட்டிருந்த தலைப்பு 'சயாம் மரண ரயில்: நினைவேந்தல்'. போட்டிருந்த எழுத்துரு பாலூ தம்பி.

வயசான கண், சரியாகத் தெரியவில்லை என்று சொல்லி நான் தப்பித்திருக்கலாம். ஆனால் அவர் சரியாகத்தான் பார்த்தார். சொல்லைப் படிப்பதற்கு முன்னாலேயே எழுத்தின் முகம் கண்ணில் பட்டுவிடுகிறது. அந்த முகம் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. அரைமணி நேரம் திரைக்கு அருகில் உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரியவில்லை. கண்ணாடி இல்லாமல் பத்தடி தள்ளி நின்றவருக்குத் தெரிந்துவிட்டது.

அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அதற்காக இரண்டு தரப்போடு சண்டை போட வேண்டியிருக்கிறது. ஒரு தரப்பு, இந்த மாதிரி எழுத்தே தமிழுக்கு அவமானம் என்கிற பெரியவர்கள். இன்னொரு தரப்பு, நாம்.

*

பேர் தெரியாவிட்டாலும் பாலூ தம்பியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தீபாவளித் தள்ளுபடிப் பதாகையில், பாலர் பள்ளி அறிவிப்பில், யூடியூப் காணொளியின் முகப்பில், சாப்பாட்டுக் கடையின் பெயர்ப்பலகையில். தடித்த கோடு, மழுங்கிய முனை. 'ம'வுக்குத் தொப்பை. மூன்று சுழி 'ண'வைப் பார்த்தால் மூன்று பலூன்களைச் சேர்த்துக் கட்டியது போல இருக்கும். புள்ளிகூடச் சின்னப் புள்ளி இல்லை. நன்றாகச் சாப்பிட்ட புள்ளி.

மும்பையில் இருக்கும் ஏக் டைப் என்ற எழுத்துருக் குழு செய்தது இது. தமிழ் எழுத்துகளை வரைந்தவர் ஆதர்ஷ் ராஜன். பாலூ ஒரு பெரிய குடும்பம். இந்திய எழுத்துமுறைகள் பலவற்றுக்கும் ஆளுக்கொரு உருப்படி உண்டு. தேவநாகரி எழுத்துருவுக்கு வெறும் பாலூ என்று பேர். மற்றவர்களுக்கு அந்தந்த மொழியில் உடன்பிறந்தவனைக் கூப்பிடும் சொல்தான் பேர்: மலையாளத்தில் சேட்டன், வங்காளத்தில் தா, பஞ்சாபியில் பாஜி, குஜராத்தியில் பாய், தெலுங்கில் தம்முடு, கன்னடத்தில் தம்ம. தமிழில் தம்பி. மலையாளத்துக்கு ஓர் அண்ணன் கிடைத்திருக்கிறார். நமக்குத் தம்பி. இதை அப்போதே கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

ஹிந்தியில் பாலூ என்றால் கரடி. ரட்யார்ட் கிப்ளிங் 1894-இல் வெளியிட்ட ஜங்கிள் புக்கில் வருகிற கரடியின் பேரும் அதுதான். ஆனால் கிப்ளிங்கின் பாலூ ஆட்டம் போடுகிற கரடி கிடையாது. ஓநாய்க் குட்டிகளுக்குக் காட்டின் சட்டத்தைக் கற்றுக்கொடுக்கிற வாத்தியார். பாடத்தில் தவறினால் மௌக்லிக்கு அடியும் விழும். 1967-இல் டிஸ்னியின் கார்ட்டூன் படம் வந்தபோதுதான் அது பாட்டுப் பாடி முதுகைச் சொறிந்துகொள்கிற சோம்பேறிக் கரடியானது. உலகம் இரண்டாவது கரடியை வைத்துக்கொண்டு முதல் கரடியை மறந்துவிட்டது. நம் எழுத்துருவின் முகத்திலும் தெரிவது இரண்டாவது கரடிதான்.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல எழுத்து அது. நம் ஊரில் மும்மொழி, நான்மொழிப் பதாகைகளைக் கவனித்திருக்கிறீர்களா? மலாயும் ஆங்கிலமும் தடியாக நெஞ்சை நிமிர்த்தி நிற்கும். சீனம் அதன் கட்டத்தை நிறைத்துக்கொண்டு நிற்கும். தமிழ் மட்டும் கீழே ஒல்லியாக, ரெண்டு நாள் பட்டினி கிடந்தது போல நிற்கும். தடித்த ஆங்கில எழுத்துக்கு ஈடுகொடுக்கிற தமிழ் எழுத்து கணினியில் இருக்காது. இருக்கிற ஒல்லி எழுத்தைச் சுற்றி ஒரு கோட்டை இழுத்துத் தடியாக்குவார்கள். சுழிகள் எல்லாம் அடைத்துப்போய் 'ண'வும் 'ன'வும் ஒரே கரும்புள்ளியாகிவிடும். பாலூ தம்பி இந்தக் கேவலத்துக்கு ஒரு முடிவு கட்டியது. தமிழோடு அதே கனத்தில் ரோமன் எழுத்தும் ஒரே கோப்பில் வருகிறது. 'பொங்கல்' என்று போட்டு, பக்கத்தில் மலாயில் வாழ்த்துப் போட்டால் இரண்டும் தோளோடு தோள் நிற்கின்றன. திறந்த உரிமத்தில் வெளியானதால் காசும் கிடையாது, அனுமதியும் கேட்க வேண்டாம். யுனிகோட் என்பதால் தட்டச்சு செய்தது அப்படியே தேடலில் கிடைக்கும். கையில் காசில்லாத வாசகர் வட்டங்களுக்கும் மாணவர் இயக்கங்களுக்கும் இது எவ்வளவு பெரிய உதவி என்பது கூட்டம் நடத்தியவர்களுக்குத் தெரியும்.

ஆகவே தம்பி மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

*

இப்போது பெரியவர்கள். 'எழுத்து என்றால் ஒரு கம்பீரம் வேண்டாமா? தமிழைக் கோமாளியாக்கிவிட்டீர்களே' என்று ஒரு கூட்டத்தில் ஓர் ஐயா எழுந்து கேட்டார். கைதட்டலும் கிடைத்தது. அவருக்கு மரியாதையோடு சில விஷயங்களைச் சொல்ல வேண்டும்.

தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் 1578-இல் கொல்லத்தில் வந்த தம்பிரான் வணக்கம். அதன் எழுத்துகளை இயேசு சபையினர் கோவாவிலும் கொல்லத்திலும் வார்த்தார்கள். அதன் வளைவுகளை இன்றைக்குப் பார்த்தால் நமக்கே படிக்கச் சிரமமாக இருக்கும். அன்றிலிருந்து இன்றுவரை தமிழ் எழுத்துக்கு 'இதுதான் உடம்பு' என்று ஒன்று நிலைத்திருந்ததே இல்லை. தம்பிரானிலிருந்து தம்பிவரை வந்த வழியெல்லாம் மாற்றம்தான்.

ஐயா சின்ன வயதில் படித்த 'லை'யையும் 'ணை'யையும் நினைத்துப் பார்க்கட்டும். யானை துதிக்கையைத் தலைக்கு மேல் தூக்கியது போல எழுத்தின் மேல் ஒரு வளைவு வரும். பெரியார் 1935-லிருந்து குடி அரசில் நடத்திக்காட்டிய சீர்திருத்தத்தை 1978-இல் தமிழ்நாட்டு அரசு ஏற்றுக்கொண்டது. நம் பாடநூல்களும் பின்னால் மாறின. அதற்கு முன்புவரை திருக்குறளும் தேவாரமும் அந்தத் துதிக்கையோடுதான் அச்சாயின. வள்ளுவருக்கு மரியாதை குறைந்ததாக யாரும் சொல்லவில்லை. நம் எழுத்துக்குள் விளையாட்டு எப்போதும் இருந்திருக்கிறது. சினிமாத் தலைப்பு எழுதிய ஓவியர்கள் 'ழ'வின் வாலை இழுத்துக் கத்தியாக்கியிருக்கிறார்கள், பாம்பாக்கியிருக்கிறார்கள். அதையெல்லாம் விசிலடித்து ரசித்த தலைமுறை எங்களுக்குக் கம்பீரம் பற்றிப் பாடம் எடுக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. தொண்ணூறுகளின் கடைசியில் நம் சங்கங்கள் அடித்த துண்டறிக்கை ஏதாவது வீட்டில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். வேர்ட் ஆர்ட்டில் வானவில் நிறம் அடித்து, அலையாக வளைத்து, பின்னால் முப்பரிமாண நிழல் போட்ட தலைப்பு. 'கண்ணீர் அஞ்சலி'கூட அப்படித்தான் வந்தது. அப்போது கோமாளியாகாத தமிழ் இப்போது மட்டும் எப்படி ஆகும்?

பெரியவர்கள் தவறான ஆளைப் பிடித்து உதைக்கிறார்கள். எழுத்து சிரிப்பதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் அந்த உதையில் ஒரு பங்கு நமக்கு விழ வேண்டியது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

*

இனி நம் பக்கம் வருகிறேன்.

போன ஒரு வருஷத்தில் என் கைப்பேசிக்கு வந்த தமிழ்ச் சுவரொட்டிகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தேன். சிறுவர் கதை சொல்லும் போட்டி. கவிதை நூல் வெளியீடு. பிணவறைக்கு வெளியே காத்திருக்கும் ஒரு தாயைப் பற்றிய சிறுகதையை விவாதிக்கும் சந்திப்பு. மூத்த எழுத்தாளர் ஒருவரின் மறைவுக்கு அஞ்சலி. குடியுரிமை இல்லாமல் அல்லாடுகிறவர்களுக்கான ஆலோசனை முகாம். பாதிக்கு மேல் தம்பிதான், அல்லது தம்பியைப் போலவே உருண்டையான இன்னொரு பையன். எழுத்தை மறைத்துவிட்டு நிறத்தை மட்டும் பார்த்தால் எது போட்டி, எது அஞ்சலி என்று ஓரளவு சொல்லலாம். நிறத்தை எடுத்துவிட்டு எழுத்தை மட்டும் பார்த்தால் எல்லாமே சிறுவர் போட்டிதான்.

'வேற நல்ல எழுத்து தமிழ்ல எங்கங்க இருக்கு?' இது நம் முதல் சாக்கு. ரோமன் எழுத்துக்கு இருப்பதோடு ஒப்பிட்டால் நமக்கு இருப்பது கொஞ்சம்தான், மறுக்கவில்லை. ஆனால் இருப்பதையே நாம் பார்ப்பதில்லை. தம்பியைச் செய்த அதே ஏக் டைப் குழுவின் முக்தா மலர் அமைதியான எழுத்து. நீளமான உரைக்கும் தாங்கும். பிரியா ரவிச்சந்திரனின் கேட்டமரன் மெல்லிய கனத்திலிருந்து மிகத் தடித்த கனம்வரை ஒன்பது படிகளில் இருக்கிறது. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸின் கவிவனர் சாய்ந்த கையெழுத்தின் சாயலில் வருகிறது. அவருடைய பவனம் அடக்கமாகப் பேசும். நோட்டோ செரிஃப் தமிழில் கோடு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலியும், பழைய அச்சுப் புத்தகத்தின் நினைவு வரும். எல்லாம் இலவசம். எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. நம் ஊர்க்காரர் முத்து நெடுமாறன் செய்த இணைமதியும் தமிழ் சங்கமும் ஆப்பிள் கணினி வாங்கும்போதே உள்ளே இருக்கின்றன. பட்டியலைக் கீழே தள்ளிப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். அன்று ராத்திரி நான் தள்ளவில்லை. முதலில் வந்த தடித்த எழுத்தைப் பிடித்துப் போட்டேன்.

இரண்டாவது சாக்கு கொஞ்சம் நுட்பமானது. 'சீரியஸா போட்டா யாரும் வரமாட்டாங்க.' இதைச் சொல்லும்போது நம் குரலில் ஒரு கெஞ்சல் இருக்கிறது. தமிழ் எளிது, தமிழ் இனிது, தமிழ் ஜாலி, வாங்க வாங்க. தமிழ் என்றாலே பயந்து ஓடிவிடுவார்கள் என்று நாமே முடிவுகட்டி, எல்லாவற்றுக்கும் சிரித்த முகத்தை மாட்டி வாசலில் நிறுத்துகிறோம். வியாபாரத்துக்கு அது சரி. அஞ்சலிக் கூட்டத்துக்கு வருகிறவனை எதற்காகச் சிரித்துக் கூப்பிட வேண்டும்?

இந்தக் கெஞ்சல் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் எனக்கு ஒரு இடம்தான் தெரிகிறது. இந்த நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. எல்லாமே ஆரம்பப்பள்ளிகள். ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடும். இடைநிலைப்பள்ளியில் தமிழ் ஒரு பாடம் மட்டும்தான். எடுத்தால் உண்டு, எடுக்காவிட்டால் இல்லை. அதனால் நம்மில் பலருக்குத் தமிழ் என்பது பன்னிரண்டு வயதில் நின்றுபோன மொழி. மாறுவேடப் போட்டி, திருக்குறள் ஒப்புவித்தல், வண்ணக் காகிதம் ஒட்டிய வகுப்பறைச் சுவர், அதில் வாத்தியார் வெட்டி ஒட்டிய தடித் தடியான எழுத்து. அதற்குப் பிறகு காதல், கடன், வேலை, சாவு எல்லாம் வேறு மொழிகளில் வந்தன. தமிழில் பெரிய ஆளாக எழுதத் தொடங்கியவர்கள்கூடத் தமிழை அலங்கரிக்க உட்கார்ந்தால் கை அந்த வகுப்பறைச் சுவருக்குத்தான் போகிறது. பாலூ தம்பி அந்தச் சுவரின் இலவசப் பிரதி. நான் 'மரண' என்று தட்டியபோது என் காதில் அந்தச் சொல் விழவே இல்லை. அது பன்னிரண்டு வயதுப் பையன் எழுதிய தலைப்பு.

என் கோபம் இதில்தான். தமிழ் வளராத மொழி என்று வெளியிலிருந்து யாராவது சொன்னால் ஊரைக் கூட்டிச் சண்டைக்குப் போகிறோம். நாமே நம் ஒவ்வொரு சுவரொட்டியிலும் அதற்கு அரைக்கால் சட்டை மாட்டிவிடுகிறோம்.

*

ஆங்கிலத்தைப் பாருங்கள். வின்சென்ட் கொன்னேர் 1994-இல் மைக்ரோசாஃப்டுக்காகக் காமிக் சான்ஸை வரைந்தார். அதன் கதை நமக்குப் பாடம். கணினி நிரல் ஒன்றில் ஒரு கார்ட்டூன் நாய் பேசியது. அதன் பேச்சு டைம்ஸ் நியூ ரோமனில் இருந்தது. நாய் இப்படிப் பேசாதே என்று அவருக்கு உறுத்தியது. நாய்க்கு ஏற்ற எழுத்தை வரைந்தார். அவ்வளவுதான். பிறகு உலகம் அதைக் கல்லறையிலும் மருத்துவமனைக் கதவிலும் ஒட்டியதற்கு அவர் பொறுப்பில்லை. 2012-இல் ஹிக்ஸ் போசான் கண்டுபிடிப்பைச் செர்ன் ஆய்வகத்தில் அறிவித்தபோது ஒரு விஞ்ஞானியின் படக்காட்சி காமிக் சான்ஸில் இருந்தது. பௌதிகத்தைப் பற்றிப் பேச வேண்டிய அன்றைக்கு உலகத்தில் பாதிப் பேர் எழுத்தைப் பற்றிப் பேசிச் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பில் கொஞ்சம் அற்பத்தனம் இருக்கலாம். ஆனால் ஆங்கில வாசகனுக்கு ஒரு கூச்சம் இருக்கிறது. எழுத்து இடம் தெரியாமல் உடுத்திக்கொண்டு வந்தால் அவனுக்குத் தெரிகிறது. என் சுவரொட்டி ஐந்து வாட்ஸாப் குழுக்களில் போனது. முப்பது நாற்பது பேர் கைகூப்பும் பொம்மை போட்டார்கள். இலக்கியம் படிக்கிறவர்கள், ஒரு கவிதையில் ஒரு சொல் பிசகினால் ரெண்டு நாள் சண்டை போடுகிறவர்கள். ஒருத்தருக்கும் உறுத்தவில்லை. உறுத்தியது மூன்றாம் வகுப்பு படித்த பாட்டிக்கு மட்டும்.

'அப்படியானால் கனமான விஷயத்துக்கு விளையாட்டு எழுத்தே கூடாதா?' கூடும். நையாண்டிக்குப் போடுங்கள். வீடு வாங்க ஆசை காட்டும் விளம்பரத்தைக் கிண்டல் செய்கிற கவிதைத் தொகுப்புக்கு அட்டையில் தம்பி வந்தால் பிரமாதமாக இருக்கும். கொடுமையான ஒரு வாக்கியத்தைச் சிரிக்கிற எழுத்தில் போட்டுப் படிக்கிறவன் வயிற்றைக் கலக்கலாம். அது தெரிந்து செய்வது. நான் செய்தது தெரியாமல் செய்தது. இரண்டுக்கும் உள்ள தூரம், வேண்டுமென்றே தாளம் மாற்றுகிறவனுக்கும் தாளமே தெரியாதவனுக்கும் உள்ள தூரம்.

தம்பியை வைத்து வேலை செய்கிறவர்களுக்குக் கைவேலை சம்பந்தமாகவும் ரெண்டு வார்த்தை. அது தலைப்புக்கு வரையப்பட்ட எழுத்து. மூன்று நான்கு சொல்லுக்கு மேல் போடாதீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளம். தடித்த எழுத்தில் இன்னும் நீளும். இடம் போதவில்லை என்று பக்கவாட்டில் நசுக்காதீர்கள். அளவைக் குறையுங்கள், அல்லது சொல்லைக் குறையுங்கள். இரண்டு வரியானால் நடுவில் தாராளமாக இடம் விடுங்கள். மேல் வரி 'கு'வின் வாலும் கீழ் வரி 'கி'யின் கொண்டையும் முட்டிக்கொள்ளும். நிகழ்ச்சி விவரம் முழுவதையும் அதிலேயே அடிக்காதீர்கள். எல்லாரும் சேர்ந்து கத்தினால் யார் பேசுகிறார்கள் என்றே தெரியாது.

*

போன வருஷம் அதே கூட்டம் மறுபடி நடந்தது. சுவரொட்டி மறுபடி என் வேலை. நோட்டோ செரிஃபில் போட்டேன். கறுப்பு எழுத்து, நிறைய வெற்றிடம். அச்சுக்கடை அண்ணன் திரையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"என்னா தம்பி, எழுத்து இவ்ளோ சோகமா இருக்கு? போன வாட்டி போட்டதே நல்லா குண்டு குண்டா இருந்துச்சே. அதயே போட்டுரவா?"

"வேணாண்ணே. விஷயமே சோகந்தான்."

வீட்டில் அதே நாற்காலியில் சாய்த்து வைத்தேன். பாட்டி வந்தார். பார்த்தார். இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய்க் கண்ணாடியை எடுத்துவந்து, நாற்காலிக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து, எழுத்துக் கூட்டி மேலிருந்து கீழ்வரை முழுவதும் படித்தார். இடம், நேரம், தொடர்பு எண்வரைக்கும். படித்து முடித்துவிட்டு இன்னும் எதையோ தேடுவது போல விளிம்பையெல்லாம் பார்த்தார்.

"எங்கப்பா பேரு போடலியா?"

போட்டிருக்கவில்லை. அவர் பேரைக் கேட்டு எழுதி வைக்க எனக்குத் தோன்றியதே இல்லை. முந்தின வருஷம் இந்தக் கேள்வி வரவில்லை. பிறந்தநாள் சுவரொட்டியில் செத்துப்போன அப்பாவின் பேரை யாரும் தேடமாட்டார்கள்.